தியேட்டர் வாசலில் அழுதவள்

என் அக்கா இறந்த செய்தியை ஒரு பத்திரிகை உள்பக்கத்தில் போட்டிருந்தது. "கண்ணீர் அக்கா காலமானார்" என்பது தலைப்பு. பக்கத்திலேயே படம். தியேட்டரின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், ஒரு கையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, வாய் கோணி அழுகிற அதே படம். அவளுக்கு வேறு படங்களும் உண்டு. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. கீழே சில வரிகள்: பாட்டும் ஆட்டமுமான ஒரு நகைச்சுவைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கதறி அழுது, ஒரே நாளில் புகழ்பெற்றவர் என்று. இறந்துவிட்டாள் என்பதைத் தவிர அந்த வரிகளில் ஒன்றும் சரியில்லை. அவள் அந்தப் படத்துக்காக அழவில்லை. அதை முழுசாகப் பார்க்கவும் இல்லை. பார்த்த வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

அக்காவுக்குத் தொழில் கறை எடுப்பது. ஒரு டிரை கிளீனிங் கடையின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டிய வெள்ளை மேஜை அவளுடையது. கடைக்கு வரும் துணிகளில் கறை பட்டவை மட்டும் அவளிடம் வரும். பஞ்சு, மென்மையான பிரஷ், நாலைந்து பாட்டில்கள், ஒரு நீராவிக் குழாய், இவ்வளவுதான் ஆயுதங்கள். வருஷக்கணக்காக அதையே செய்ததில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் சட்டையைப் பார்ப்பாள். என் கல்யாணத்தில் என்னை வாழ்த்த வந்த கல்லூரி முதல்வரைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "பெரிய மனுஷன்தான். ஆனா காபியை ஊதிக் குடிக்கத் தெரியலை."

அத்தான் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் டெப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது படியிலேயே சாய்ந்துவிட்டார். வலப்பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் போயிற்று. அதற்குப் பிறகு நான்கு வருஷம் அந்த இரண்டு அறை வீட்டின் முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் எப்போதும் வேண்டும். அந்த ஆளாக இரண்டு பேர் இருந்தார்கள். பகலில் அத்தானின் தங்கை, மாலையிலிருந்து காலை வரை என் அக்கா.

நாத்தனாருக்கு ஒரு டாக்சி அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. இரவு ஷிப்ட். கணவனோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். தெருமுனையில் நின்று பேசினாலும் மூன்றாவது மாடிக்குக் கேட்கும் குரல். அத்தானுக்கு வாய் இருந்த காலத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. அக்கா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் வைத்தே பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள், ஆலைத் தொழிலாளிகள் மாதிரி.

"அண்ணி, சூப் பாதி உள்ள போச்சு, பாதி என் சட்டை மேல. இந்தாங்க, உங்க கடைக்கு எடுத்துட்டுப் போங்க. குடும்பத் தள்ளுபடி உண்டா?"

"உனக்கு ரெட்டிப்பு ரேட்டு. உங்கண்ணன் மருந்து?"

"போட்டாச்சு. போடும்போது என்னை முறைச்சாரு. நல்லா இருக்காருன்னு அர்த்தம்."

"நீ பேசறதை நிறுத்தியிருக்க மாட்ட, அதான் முறைச்சிருப்பாரு."

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வரும். அவரால் எழுப்ப முடிந்த ஒரே சத்தம். அது சிரிப்பு என்று இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள். இப்படி ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் சந்தித்துக்கொண்ட இரண்டு பெண்கள், எனக்குத் தெரிந்து, வேறு யாரோடும் அவ்வளவு நெருக்கமாக இல்லை.

அப்போதுதான் அந்தப் படத்தின் உடைகள் கடைக்கு வந்தன. படப்பிடிப்பில் பாதி எங்கள் ஊரில்தான் நடந்திருந்தது. பேப்பரில் தன் படம் வரவேண்டும் என்பதற்காக எதையும் செய்யத் துணிகிற ஒரு கடைச் சிப்பந்திப் பெண்ணின் கதை. திருட்டுப் போகாததைப் போனது என்பாள், வராத நோயை வந்தது என்பாள். நிருபர்கள் அவளைச் சுற்றி நோட்டும் பேனாவுமாக ஆடிப் பாடுவார்கள். புகழுக்கு அலைகிறவர்களையும் அவர்களை ஊதிப் பெரிதாக்குகிற பத்திரிகைக்காரர்களையும் ஒருசேரக் கிண்டல் செய்கிற படம் என்று கடை முதலாளி, தானே எடுத்த மாதிரி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த உடைகளில் ஒன்று வெள்ளைக் கவுன். கழுத்து முதல் கால்வரை ஜிகினா. மழைக் காட்சி எடுத்ததில் கீழ்ப்பாதி முழுதும் சேறு, கழுத்துப் பட்டையில் முகப்பூச்சு. இயந்திரத்தில் போட்டால் ஜிகினாவின் சாயம் இறங்கிவிடும். அக்கா ஒவ்வொரு சாண் அகலமாகப் பிரித்துக்கொண்டு, பஞ்சில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு, கையாலேயே துடைத்தாள். ஒரு வாரம் வேறு துணியைத் தொடவில்லை. கவுன் போன பிறகும் வீட்டில் அதே பேச்சு. "திரையில அது எப்படித் தெரியும்னு ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்" என்று என்னிடமே இரண்டு முறை சொன்னாள்.

படம் வெளியான அன்று முதலாளிக்குப் பட நிறுவனம் இலவச அனுமதிச் சீட்டுகள் அனுப்பியது. ஒன்றை அக்காவிடம் நீட்டினார். மாலைக் காட்சி. "நீ துடைச்ச கவுனை நீயே போய்ப் பாரு. அரை நாள் லீவு எடுத்துக்கோ."

அவள் நாத்தனாரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு ஒருமுறை கேட்டேன். "ஒரே ஒரு சீட்டுடா" என்றாள். "அவளும் நாலு வருஷமா அந்த ரூம்லயே கெடக்கறா. நான் மட்டும் பாட்டும் டான்சும் பார்த்துட்டு வர்றேன்னு எப்படிச் சொல்றது?" ஆகவே கடையில் வேலை அதிகம், கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இடைவேளை முடிந்து சற்று நேரத்தில், பையில் இருந்த போன் அதிர்ந்தது. முதலாளி. குனிந்து, முன்சீட்டின் முதுகுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு பேசினாள். அத்தான் போய்விட்டார். வேலை நேரத்தில் அக்கா போனைத் தொடமாட்டாள் என்று நாத்தனார் கடை எண்ணுக்கு அழைத்திருக்கிறாள். முதலாளி, இதோ சொல்லி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டு இவளுக்கு அழைத்திருக்கிறார். அக்கா நிமிர்ந்தபோது திரையில் அந்தக் கவுன். கதாநாயகி நிருபர்களுக்கு நடுவில் நின்று, வராத கண்ணீரை வரவழைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது. அக்கா வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போனாள். "உட்காருங்கம்மா, மறைக்குது" என்று யாரோ சத்தம் போட்டார்களாம்.

வாசலில் மைக்கும் செல்போனுமாக ஒரு கூட்டம் நின்றிருந்தது. முதல்நாள் படம் பார்த்து வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு யூடியூபில் போடுகிறவர்கள். காட்சி முடியாததால் ஆள் கிடைக்காமல் சும்மா நின்றார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் அழுதபடி வந்ததும், சிவப்புத் தொப்பி வைத்த ஒருவர் மைக்கை அவள் மோவாய்க்குக் கீழே கொண்டுபோய்விட்டார்.

"அக்கா, அக்கா, படம் எப்படி? எந்த சீன்க்கா அழ வெச்சிருச்சு?"

"விடுங்க. வழி விடுங்க."

"பேசவே முடியலை மக்களே! பாருங்க, பேசவே முடியலை! நெஞ்சைத் தொட்டுட்டாரு டைரக்டர்! ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா!"

டாக்சிக் கதவை அவள் இழுத்து மூடும்வரை கூடவே ஓடியிருக்கிறார். வண்டியில் வழி நெடுக அழுதாள். வீட்டுப் படியேறும்போது கண்ணில் ஒன்றுமில்லை.

வீடு திறந்து கிடந்தது. அக்கம்பக்கத்தார் நின்றார்கள். நாத்தனார் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கடைக்கு போன் பண்ணேனே அண்ணி, சொன்னாரா உங்க முதலாளி?"

அப்போதுதான் அக்கா அந்தத் தவறைச் செய்தாள். "இல்லையே. நான் வேலை முடிஞ்சு இப்பத்தானே வர்றேன்" என்றாள்.

போன் வந்தது என்றால் எங்கே இருந்தாய் என்ற கேள்வி வரும். கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே வருகிற தூரம், இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. "முன்னாடி சொன்ன பொய்க்குப் பொருத்தமா வாயில வந்துருச்சுடா. நூல் கலர் பார்த்து எடுக்கற மாதிரி" என்றாள் என்னிடம். பிறகு கட்டிலருகே போய் நின்றாள். அழுகை வரவில்லை. அடக்கம் முடிகிறவரை வரவில்லை. நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாள் ஊரே வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்புத் தொப்பிக்காரர் "காமெடிப் படத்துக்குக் கதறி அழுத தாய்!" என்று தலைப்பு வைத்து அதை ஏற்றியிருந்தார். சிரிக்கவேண்டிய படத்துக்கு ஒருத்தி ஏன் அழுதாள் என்று ஆளுக்கு ஒரு விளக்கம். படத்தின் சிரிப்புக்கு அடியில் ஓடுகிற சோகத்தை அந்தப் பாமரப் பெண் ஒருத்திதான் கண்டுகொண்டாள் என்று ஒரு விமர்சகர் எழுதினார். அதைப் படித்த பிறகு, ஏற்கெனவே சிரித்துவிட்டு வந்தவர்கள் மறுபடி டிக்கெட் எடுத்துப் போய் அழப் பார்த்தார்கள். காலி நாற்காலிகளோடு ஓடிக்கொண்டிருந்த படம் நிமிர்ந்தது. 'கண்ணீர் அக்கா' என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. வைத்ததும் ஒட்டிக்கொண்டது.

டாக்சி அலுவலகத்தில் ஒரு ஓட்டுநர் அதை நாத்தனாரிடம் காட்டியிருக்கிறார், "இது உங்க வீட்டம்மா மாதிரி இருக்கே" என்று. அவள் ஷிப்டை விட்டுவிட்டு வந்துவிட்டாள். அன்று நான் அங்கே இருந்தேன்.

"ஓவர்டைம் எந்தக் கடையில பார்த்த? தியேட்டர் கடையிலயா?" அதுவரை 'நீங்க' என்றுதான் அவள் அக்காவிடம் பேசிக் கேட்டிருக்கிறேன்.

"நான் சொல்றதைக் கேளு..."

"எங்கண்ணன் இங்க மூச்சுக்கு இழுத்துக்கிட்டிருக்கான், நீ அங்க சினிமாவுக்கு அழுதுக்கிட்டிருக்க. அது கூடப் போகட்டும். மனுஷி, ஒரு படம் பார்த்தா என்ன? நான் பாப்கார்ன் வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பேன். ஆனா அந்தக் கண்ணீர்ல ஒரு சொட்டு இவனுக்கு மிச்சம் வெச்சியா?"

"அது இவருக்குத்தான். போன் வந்தது. முதலாளி சொன்னாரு. அதைக் கேட்டுத்தான் அழுதேன்."

"போன் வரலைன்னு நீயே சொன்ன. இந்த இடத்துல நின்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

"அப்ப அது பொய், இப்ப இது நிஜம். நாளைக்கு?"

அங்கேயே, அக்காவின் முன்னாலேயே, நாத்தனார் முதலாளிக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். முதலாளியின் குரல் தயங்கியது. "அது வந்தும்மா... நான் கூப்பிட்டேன். லைன் கிடைக்கலை. அப்புறம் மறந்துட்டேன்." நாத்தனார் போனை வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

முதலாளி ஏன் அப்படிச் சொன்னார் என்பது மறுநாள் அக்கா கடைக்குப் போனபோது புரிந்தது. பட நிறுவனம் இனித் தன் எல்லா உடைகளையும் அந்தக் கடைக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. வாசலில் புதுப் பலகை: "கண்ணீர் அக்கா பணிபுரியும் கடை." அக்காவின் வெள்ளை மேஜையில் வேறு ஒரு பெண் நின்றாள். அக்காவுக்கு முன்பக்கத்தில், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"நீங்க போன் பண்ணீங்க சார். என் நாத்தனார்கிட்ட அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் கேட்கலை."

"சொல்லலாம்மா. அந்தப் பொண்ணு டாக்சி ஆபீஸ்ல வேலை பார்க்குது. ஒரு டிரைவர்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. படத்துக்கு அழலை, வேற எதுக்கோ அழுதாங்கன்னு வெளிய வந்தா கம்பெனிக்காரங்க என்னைச் சும்மா விடுவாங்களா? கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. படம் ஓடி முடியட்டும்."

படம் ஓடி முடியவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கறையே இல்லாத சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "ஒரே ஒரு தடவை அழுங்களேன், என் பொண்ணு பார்க்கணும்கிறா" என்று ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். தெருவில் போகிறவர்கள் கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தார்கள். வேலையை விட்டுவிடு என்று சொன்னேன். வேறு இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டிலும் பின்கட்டில் இடமில்லை என்றார்கள். முன்னால் உட்காருவதானால் நாளைக்கே வரலாம் என்றார்கள்.

வீட்டில் கட்டில் காலியாகக் கிடந்தது. ஆனால் ஷிப்ட் மாறவில்லை. இவள் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டினாள். ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரை ஒட்டி ஒதுங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் கேட்கிற அந்தக் குரல் ஒன்றும் சொல்லவில்லை. "திட்டினாக்கூடப் பரவாயில்லைடா" என்றாள் அக்கா. "நான் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறா. அவ என்னை நம்பலை. ஊரெல்லாம் என்னை நம்புது. இவ ஒருத்தி நம்பினாப் போதும் எனக்கு."

பட நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெரிய பூங்கொத்து, சிரித்த முகம். வெற்றி விழா எடுக்கிறார்கள். அந்தக் கவுன் பாட்டை மேடையில் ஆடப்போகிறார்கள். பாட்டு நடக்கும்போது அக்கா மேடையோரம் நிற்கவேண்டும்.

"நின்னு?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அப்படி இருங்கம்மா. அழுகை வந்தா அடக்காதீங்க."

"நான் உங்க படத்துக்கு அழலைங்க" என்றாள் அக்கா. வெளியாள் ஒருவரிடம் முதன்முதலாகச் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு குறையவில்லை. "அதை மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க. உங்களை நம்பி எத்தனை பேர் தியேட்டருக்குப் போயிருக்காங்க! பொய்யா அழுது ஏமாத்தினீங்கன்னு கதையைத் திருப்பிவிட்டாங்கன்னா உங்களால வெளிய தலை காட்ட முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் போன பிறகு அக்கா பூங்கொத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மேடையில மைக் குடுப்பாங்கல்ல?" என்றாள். நேரலையில் காட்டுவார்கள், நாத்தனார் அலுவலகத்தில் அந்நேரம் எல்லோரும் செல்போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் காதுகொடுக்காதவள் அங்கே கேட்டுத்தானே ஆகவேண்டும்? தலை காட்ட முடியாமல் போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள். நானும் கூடப் போனேன்.

பெரிய அரங்கம். கதாநாயகி அதே வெள்ளைக் கவுனில் ஆடினாள். நிருபர் வேஷம் போட்டவர்கள் பேனாவை ஆட்டிக்கொண்டு அவளைச் சுற்றி வந்தார்கள். முன்வரிசையில் நிஜ நிருபர்கள் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அதே தாளத்துக்குத் தலையாட்டினார்கள். பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் அக்காவைக் கைப்பிடித்து நடுமேடைக்குக் கூட்டிவந்தார்.

"சொல்லுங்க கண்ணீர் அக்கா! அன்னிக்கு அந்த நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடிச்சு?"

அக்கா மைக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு போன் வந்தது" என்றாள். "எங்க முதலாளிதான் சொன்னாரு. அதைக் கேட்டு அழுதேன். உங்க படத்துக்கு அழலை. படம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். தொகுப்பாளர் கொஞ்சம் விழித்தார். பிறகு தொழில் அவரைக் காப்பாற்றியது.

"கணவர் போன நேரத்துலயும் இந்தப் படம் இவங்களைச் சிரிக்க வெச்சுதாம்! இதுக்கு மேல ஒரு படத்துக்கு என்னங்க பாராட்டு வேணும்? அந்த முதலாளி இங்க வந்திருக்காரா?"

முதலாளி இரண்டாவது வரிசையில் இருந்தார். ஒரு கேமரா அவர் பக்கம் திரும்பியது. பெரிய திரையில் அவர் முகம் வந்தது. அதைப் பார்த்ததும் மனிதர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். துள்ளி எழுந்து கையைத் தூக்கினார். "ஆமா! நான்தான் போன் பண்ணேன்! என் போன்லதான் சொன்னேன்! கடை பேரைக் கொஞ்சம் சொல்லிடறேன்..."

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. கீபோர்டுக்காரர் சோகமாக ஒரு துண்டு வாசித்தார். இயக்குநர் மேடைக்கு வந்து அக்காவின் காலைத் தொடப்போனார். அவர் உண்மையாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எந்தக் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கா மைக்கில் மறுபடி ஏதோ சொன்னாள். அதற்குள் அதை அணைத்துவிட்டிருந்தார்கள். அவள் வாய் மட்டும் அசைந்தது.

நாங்கள் டாக்சியில் திரும்புவதற்குள் புதுத் தலைப்புகள் வந்துவிட்டன. "கணவர் மரணத்திலும் கலையை மறக்காத ரசிகை." இனி அந்தச் சாவும் படத்தின் விளம்பரம்தான். மாடிப்படி முழுக்க மைக்குகள் நின்றன. அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அத்தானைப் பற்றிப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தான் உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் ஒருநாள் கூட வந்து எட்டிப் பார்த்ததில்லை. நான் அக்காவை அணைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன். அழைப்புமணி நிற்காமல் அடித்தது. கதவிடுக்கின் வழியாக வெளிச்சம் வந்து வந்து போயிற்று. விளக்கைப் போட்டால் ஜன்னல் வழியாகப் படம் எடுப்பார்கள் என்று போடவில்லை. அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் அந்தக் குரல் கேட்டது.

"தள்ளுங்க. தள்ளுங்கய்யா. வீட்டுக்குப் போறவங்களுக்கு வழி வேணாமா?"

"மேடம், நீங்க யாரு? கண்ணீர் அக்காவுக்கு என்ன உறவு?"

"நான் டாக்சி ஆபீஸ். யாருக்கு டாக்சி வேணும்? எல்லாரும் வீட்டுக்குப் போறீங்களா? வண்டி வரச் சொல்லட்டா?"

நான் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். அவள் பக்கவாட்டில் நுழைந்து, முதுகாலேயே கதவைச் சாத்தினாள். என்னைப் பார்த்து அடுப்படிப் பக்கம் தலையசைத்தாள். நான் போனேன். அடுப்படிக்குக் கதவு கிடையாது.

நாத்தனார் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"அந்த ஆளு போன்ல என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க. வார்த்தை மாறாம."

"'உன் நாத்தனார் கூப்பிட்டுச்சும்மா. வீட்டுக்குக் கெளம்பு. உன் வீட்டுக்காரர்...' அப்படின்னு சொல்லி நிறுத்திட்டாரு. அப்புறம் 'போயிட்டாரும்மா'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'சரி சார்'னேன்."

"என்னது?"

"'சரி சார்'னு சொன்னேன். அவரு வேலை சொன்னா எப்பவும் சொல்றதுதானே. அதுவே வந்துச்சு. வேற ஒண்ணும் வரலை."

நாத்தனாரின் பை தரையில் விழுந்தது. அவளும் சுவரோடு சரிந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி சார்" என்று ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வெளியே யாரோ கதவின் மேல் மைக்கை வைத்து, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னது எங்கள் மூவருக்கும் காதில் விழுந்தது. அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ரேடியோ என்று பேர் எடுத்தவள் தன் உள்ளங்கையை அக்காவின் வாயில் வைத்து அழுத்தினாள். மறு கையைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அந்தக் கட்டிலின் காலடியில், ஒரு சத்தமும் வெளியே போகாமல், இரண்டு பேரும் அவருக்காக அழுதார்கள்.